தங்கவயலிலிருந்து கணிப்பொறி நகருக்கு

பெங்களூருவில் வேலை தேடிச் செல்லும் நம் சமுதாய இளைஞர்கள், அந்நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலின் வரலாற்றை ஒருமுறையேனும் படித்தல் வேண்டும். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குச் சுரங்கப் பணியை ஏற்றபின், வட ஆர்க்காடு, சேலம் மாவட்டச் சேரிகளிலிருந்து நம் முன்னோர் குடும்பம் குடும்பமாகச் சென்று குடியேறினர். பண்ணையாரின் களத்துமேட்டினும் பாதாளமே மேல் எனத் துணிந்து சென்றவர்கள் அவர்கள்.

அந்நாளில் தங்கவயல் மிகப் புதுமையான நகரம். சிவசமுத்திரத்துக் காவிரி அருவியில் எடுத்த மின்சாரம் 1902இல் முதன்முதல் சென்றடைந்தது அங்கேதான். பெங்களூருத் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905இல். ஆயினும் அம்மின்சாரத்தை இயக்கும் கல்வி நம்மவர்க்கு எட்டவில்லை. மேற்பார்வைப் பதவிகள் ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் உரியனவாயின. பாறையைத் துளைத்து, அத்தூசியால் நுரையீரல் நலிந்தோர் நம்மவர்.

எனினும் அவர்கள் தலைகுனிந்தே வாழ்ந்தனர் என்று எண்ணற்க. 1930இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய விதி வந்தபோது, குற்றவாளிகளுக்குச் செய்வதை எங்களுக்குச் செய்வதா எனப் பல்லாயிரவர் வேலைநிறுத்தம் செய்தனர். அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், 1914இல் அவர் மறைந்தபின், ஒரு காலத்தில் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. மானமும் எழுத்தும் அங்கிருந்தன. பொறியியல் கல்வி ஒன்றே பலர்க்கு இல்லாதிருந்தது.

அதன் விலை 28-2-2001 அன்று தெரிந்தது. சுரங்கம் மூடப்பட்டது. தந்தைக்குப்பின் மகன் என்று தலைமுறை தலைமுறையாக நம்பியிருந்த வேலை ஒரு நாளில் மறைந்தது. மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் பழகிய திறனுக்கு மண்ணின்மேல் யார் கூலி தருவர்? கடைசல் இயந்திரமும் மின்னியலும் கற்றிருந்தோர்க்கு வேறு ஆலைகளில் வாயில் திறந்திருந்தது.

இன்று மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் இரயில்களில் சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாள்தோறும் பெங்களூரு செல்கின்றனர். ஒரே பெட்டியில் மென்பொருள் எழுதுபவரும், காவற்பணி புரிபவரும் அமர்ந்திருப்பர். இறங்கும் நிலையம் ஒன்று, ஊதியம் ஒன்றன்று. தனியார் நிறுவனங்களில் இடஒதுக்கீடு இன்மையால், ஆங்கிலமும் அறிமுகமும் உடையார்க்கே முன்வாயில் திறக்கிறது. இதை மறைத்துவிட்டு, உழைத்தால் உயரலாம் என்று மட்டும் மாணவரிடம் கூற எனக்கு மனம் வரவில்லை.

பாட்டனார் மறுத்த கைரேகையைப் பேரன் அலுவலக வாயிலில் நாள்தோறும் இயந்திரத்தில் வைக்கிறான். கைப்பேசிச் செயலிவழி உணவு கொண்டுசெல்லும் இளைஞரை நிறுவனங்கள் தொழிலாளர் என்று அழைப்பதில்லை; ‘பங்காளர்’ என்கின்றன. (இலாபத்தில் பங்கு உண்டா என்று கேட்டுவிடாதீர்கள்!) இவர்கள் நலனுக்கெனக் கர்நாடக அரசு 2025இல் தனிச் சட்டம் இயற்றியது.

ஒரு செயலியை இயக்கக் கற்பது ஒரு சுரங்கத்தை மட்டும் அறிவது போன்றது. அது மூடப்பட்டால் அத்திறனும் மூடப்படும். கணக்கும், தருக்கமும், பிழையற்ற ஆங்கிலமும் நிறுவனம் மாறினாலும் உடன்வருவன. ஆகவேதான் கணிப்பொறிச் சான்றிதழுக்கு விரையும் மாணவரைப் பத்தாம் வகுப்புக் கணக்கில் இன்னும் சிறிது காலம் நிறுத்தி வைக்க நான் முயல்வது.

வேலை பெற்ற பழைய மாணவர் சிலர் சம்பளச் சீட்டை மகிழ்வுடன் கொண்டுவந்து காட்டுவர். தொகையை நோக்குமுன், வருங்கால வைப்புநிதிக் கணக்கு எண் உள்ளதா என்றே பார்க்கிறேன். பலவற்றில் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கிறது.