சொட்டு மருந்துக்கு நின்ற சண்டை

றோட்டரிக் கழகம் என்றால் காசுக்காரரின் விருந்துக் கூட்டம் என்றுதான் எங்கட ஆக்கள் சொல்லுவினம். 1905இல் சிக்காகோவில் போல் ஹரிஸ் என்ற சட்டத்தரணி தொடங்கியபோது அது தொழில் நண்பர்களின் சங்கந்தான். ஆனால் 1985இல் போலியோவை ஒழிக்க 12 கோடி டொலர் சேர்க்க இறங்கினார்கள், 1988இல் 24.7 கோடி சேர்ந்தது. நிதிக்காக வீடு வீடாய்த் திரிகிற எமக்கு அந்தப் பாடு விளங்கும்.

எங்கட மண்ணில் நடந்ததோ அதைவிடப் பெரிய காரியம். பிற்பாடு, 2015இல், றோட்டரியின் உலகத் தலைவரான கே. ஆர். ரவீந்திரன் போன்றவர்களும் யுனிசெப்பும் முயன்றதால், 1995 தொடக்கம் பிள்ளையளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் இரு தரப்பும் சண்டையை நிறுத்தின. அப்போது எனக்கு நாலு வயது.

இலங்கையில் 1993க்குப் பிறகு போலியோ இல்லை. தொழிற்சாலையில் நாள் முழுக்க நிற்கிறேன். கால் நோகுது என்று முறைப்பட வாய் வராது.