எண்ணெய்ப் பாறையின் மின்பண்புகளை அளத்தல்

எண்ணெய் தங்கியுள்ள பாறையின் மின்தடை எண், மின்காப்பு மாறிலி ஆகியவற்றை அளந்து, அதன் நுண்துளைகளில் எண்ணெய் எவ்வளவு என்று கணிக்கும் முறை. உண்மையில் இங்கே அளக்கப்படுவது நீர்தான். மணற்கல்லின் மணிகளும் எண்ணெயும் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. துளைகளிலுள்ள உப்புநீரே கடத்துகிறது. நீர் போக மீதி இடம் எண்ணெய்க்கோ எரிவாயுவுக்கோ உரியது.

1927 செப்டம்பர் 5 அன்று, பிரான்சின் அல்சாஸ் பகுதியிலுள்ள பெஷல்பிரான் எண்ணெய் வயலில் முதல் மின்பதிவு எடுக்கப்பட்டது. கொன்ராட், மார்செல் ஷ்லம்பர்ஜே சகோதரர்களின் முறை அது. களத்தில் நின்றவர் ஆன்றி டோல். மின்முனைகளைக் கிணற்றில் இறக்கி, ஆங்காங்கே நிறுத்தி அளந்து, வரைபடத்தைக் கையாலேயே போட்டார்கள்.

அளவை எண்ணெயின் கணக்காக மாற்றியது ஷெல் நிறுவனத்தின் ஆர்ச்சி 1942இல் வெளியிட்ட சூத்திரம். பாறையில் 20 விழுக்காடு துளை, அதிலுள்ள நீரின் மின்தடை எண் 0.1 ஓம் மீட்டர் என்று கொள்வோம். துளை முழுக்க நீரானால், 0.1ஐ 0.2இன் வர்க்கத்தால் வகுத்தபடி, பாறை ஏறத்தாழ 2.5 காட்ட வேண்டும். கருவி 40 காட்டினால் விகிதம் பதினாறில் ஒன்று. அதன் வர்க்கமூலம் கால். துளையில் கால் பங்கே நீர்.

இக்கணக்கில் வர்க்கத்திலும் வர்க்கமூலத்திலுமாக இருமுறை வரும் அடுக்கெண் 2 எல்லாப் பாறைக்கும் பொருந்தாது. அதனால் கிணற்றிலிருந்து எடுத்த பாறையை ஒன்றரை அங்குல விட்ட உருளையாக வெட்டி, டொலுவீனால் கழுவி, வெற்றிடத்தில் உப்புநீர் ஏற்றி அளப்பர்; பிறகு எண்ணெயைச் செலுத்தி, நீர் குறையக் குறைய மீண்டும் அளப்பர். இரு முனைகள் மின்னோட்டத்தைத் தர, வேறு இரண்டு மின்னழுத்தத்தைப் பார்க்கும். தொடுமுனைத் தடை கணக்கில் கலக்காது. கழுவுவதிலும் ஆபத்து உண்டு. எண்ணெய் ஒட்டும் பாறை நீர் ஒட்டும் பாறையாக மாறிவிட்டால், கிடைக்கும் அடுக்கெண் நிலத்தடி நிலையைச் சொல்லாது.

களிமண் கலந்த மணற்கல் தானே மின்சாரம் கடத்துவதால், நல்ல எண்ணெய் அடுக்கும் நீரடுக்காகத் தோன்றலாம். நன்னீர் உள்ள இடத்தில் குழப்பம் நேர்மாறானது: மின்தடை எண் உயர்ந்து எண்ணெயைப் போலக் காட்டும். அங்கே மின்காப்பு மாறிலி உதவும். நீருக்கு அது சுமார் 80, எண்ணெய்க்கு 2 அளவே. ஆனால் அதை அளக்கும், கிகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இயங்கும் கருவி கிணற்றுச் சுவரில் சில சென்டிமீட்டர் ஆழமே காணும். துரப்பணச் சேற்றின் நீர் புகுந்து எண்ணெயைத் தள்ளிவிட்ட பகுதியும் பெரும்பாலும் அதுவே.