வளையத்தை வெட்டிய மரம்

ஒரு கேபிள் அறுந்தாலும் வேலை நிக்கக் கூடாதுன்னு ரெண்டு ஸ்விட்ச்சுக்கு நடுவுல இன்னொரு கேபிளும் போடுவோம், இல்லீங்களா? எங்க ஜவளகிரி பக்கத்து ஓசூர் ஃபேக்டரியானாலும் அமெரிக்காவானாலும் இதே கதைதான். ஆனா ஈதர்நெட் ஃப்ரேமுக்கு ஆயுள் கணக்கு கிடையாது. வளையத்துல மாட்டினா சுத்திக்கிட்டே இருக்கும்; ப்ராட்காஸ்ட் பெருகி நெட்வொர்க்கே படுத்துடும்.

இதுக்கு 1985-ல் விடை கண்டவர், டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் இருந்த ரேடியா பெர்ல்மன். பெட்டிகளே பேசிவச்சு ஒரு தலைவரை, அதாவது ரூட் பிரிட்ஜை, தேர்ந்தெடுக்கும். உபரி வழிகளை அடைச்சு வைக்கும். ஓடுற வழி அறுந்தா, அடைச்சதைத் திறக்கும். இதுதான் ஸ்பானிங் ட்ரீ. 1990-ல் இது 802.1டி தரத்தில் இடம் பிடிச்சது.

தானா ஓடுற விஷயத்தை யாரும் திரும்பிப் பாக்கிறதில்லை. வினையே அங்கதான். பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில், ஏழு ஸ்விட்ச் தாண்டக் கூடாதுங்கிற வரம்பை மீறி நெட்வொர்க் வளர்ந்திருந்தது. 2002 நவம்பரில் சுமை ஏறினதும் விழுந்துச்சு. நாலு நாள் டாக்டர்கள் பேப்பரும் பேனாவுமா வைத்தியம் பாத்தாங்க.

நாம எதுவும் சொல்லாட்டி எல்லா ஸ்விட்ச்சுக்கும் முன்னுரிமை எண் 32768. அப்போ சின்ன மேக் முகவரிக்கே தலைமை. பல சமயம் அது மூலையில் கிடக்கிற பழைய பெட்டி. சின்ன எண்தான் ஜெயிக்கும்ங்கிறதால நடு ஸ்விட்ச்சுக்கு 4096 கொடுங்க. தலைமை மாறுதா, டோபாலஜி சேஞ்ச் எண்ணிக்கை ஏறுதான்னு கண் வச்சிருங்க.

உங்க ஆபீஸ்ல இப்போ யாருங்க தலைவர்?