நாமக்கல் தீவன மூட்டையும் பச்சிளம் குழந்தையின் ஊசியும்

"பிறந்த பிள்ளைக்கு எதுக்கு டாக்டர் ஊசி?" என்று கேட்கும் பெற்றோர்களே, இந்த இழை உங்களுக்குத்தான்.

1) நாமக்கல் கோழித் தீவனத்தில் மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கோடு கொஞ்சூண்டு வைட்டமின் கலவையும் சேர்ப்பாங்க. அதில் ஒன்று மெனடியோன், அதாவது வைட்டமின் கே3. குயினோன் என்ற வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சள் தூள்.

2) கோழிக்கு இது எதுக்கு? 1929, கோபன்ஹேகன். ஹென்ரிக் டாம் என்ற விஞ்ஞானி கொழுப்பு நீக்கிய தீவனத்தைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார். தோலுக்கு அடியிலும் தசையிலும் ரத்தம் கசிந்தது. பச்சை இலையும் ஈரலும் கொடுத்தால் நின்றது. இலையில் இருந்த அந்தப் பொருளுக்கு 1935ல் வைட்டமின் கே என்று பெயர் வைத்தார். 'கே', ரத்தம் உறைவதைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து. அமெரிக்காவின் எட்வர்ட் டாய்சி அதைப் பிரித்தெடுத்தார். 1943க்கான நோபல் பரிசு இருவருக்கும்.

3) இயற்கையில் கிடைக்கும் கே1க்கு நீளமான வால் உண்டு. கே3க்கு வால் கிடையாது. செய்வது சுலபம், விலையும் மலிவு. அதனால்தான் தீவனத்துக்கு இது.

4) மனிதக் குழந்தைக்கும் இதையே போட்டார்கள். அளவு கூடியபோது வந்தது வினை. கே3 ரத்தச் சிவப்பணுக்களை உடைத்தது. மஞ்சள் காமாலை ஏறி, சில குழந்தைகளுக்கு மூளையே பாதித்தது. 1950களில் மருத்துவ உலகம் விழித்துக்கொண்டு கே1க்கு மாறியது. 1961ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் கே1 போடச் சொன்னது.

5) "அப்போ முட்டை?" பயப்படாதீங்க. கோழியின் உடல் கே3யை கே2வாக மாற்றிவிடும். கவனம் தேவைப்படுவது தூளைக் கையாளுபவர்களுக்கு. தோல், கண், மூச்சுக்குழாய் எரியும். முகக்கவசமும் கையுறையும் போடுங்க.

6) இன்று உங்க பிள்ளையின் தொடையில் போடுவது கே1, 1 மில்லிகிராம். தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே இது போதுமான அளவு வராது. தாய்ப்பாலிலும் குறைவு. போடாமல் விட்டால், நல்லாப் பால் குடிச்சுட்டு இருக்கும் குழந்தைக்குக்கூட சில வாரங்களில் திடீரென மூளைக்குள் ரத்தக்கசிவு வரலாம். அரிதுதான். ஆனால் வந்தால் உயிர் போகலாம், பிழைத்தாலும் ஊனம் நிற்கலாம்.

ஆபத்தைக் கண்டதும் மருத்துவம் மருந்தை மாற்றியது, ஊசியைக் கைவிடவில்லை. நீங்களும் கைவிடாதீங்க. டிஸ்சார்ஜ் சீட்டில் 'வைட்டமின் கே' போட்டதாக எழுதியிருக்கிறதா, வீட்டுக்குக் கிளம்பும் முன் பார்த்துக்கோங்க.