புள்ளியும் வளவும்

கண்டரமாணிக்கத்துப் பெரிய வீடொன்றின் வாசலில் நின்று உள்ளே பார்ப்பவன் தூண்களை எண்ணுவதில்லை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நேர்கோட்டில் விலகிச் செல்லும் நிலைகளைக் கண் ஒன்றாகக் கோத்து வீடு என்று கொண்டுவிடுகிறது. முழுமையே முதலில் காட்சியாகிறது; உறுப்புகள் அதனிடமிருந்து அர்த்தம் பெறுகின்றன. பிராங்க்பர்ட்டில் செய்த சோதனைகளை மாக்ஸ் வெர்தைமர் 1912ல் வெளியிட்டதிலிருந்து வளர்ந்த கெஸ்டால்ட் மனோதத்துவத்தின் சாரம் இதுதான். அடுத்தடுத்த இடங்களில் மாறி மாறித் தோன்றி மறைந்தவை இரண்டு கோடுகள். பார்த்தவர்கள் கண்டதோ ஒரே கோட்டின் அசைவு.

ஆனால் செட்டிநாட்டு வீட்டின் முழுமை கண் நம்புகிற அளவு எளிதானதல்ல. நகரத்தார் வழக்கில் மணமானவனின் குடும்பம் ஒரு 'புள்ளி'. கோயில் வரி புள்ளிக் கணக்கில்தான். மகனுக்குக் கலியாணமானதும் 'வேறு வைப்பார்கள்': தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. வெளியே நிற்பவன் கூட்டுக்குடும்பம் என்கிறான். உள்ளே கணக்கேடுகள் பிரிந்தே கிடக்கின்றன. எல்லோருக்கும் பொதுவான வளவுதான் புள்ளிகளைக் கோலமாக்கிக் காட்டுகிறது.

இன்னொன்றும் உண்டு. உருவைக் காண்பது பின்னணியை மறப்பதாகும். டென்மார்க்கின் எட்கார் ரூபின் 1915ல் காட்டிய படத்தில் ஒரு கிண்ணம் தெரியும், அல்லது எதிரெதிரே இரு முகங்கள் தெரியும். இரண்டையும் ஒருசேரக் காண முடியாது. நாம் வீட்டையே உருவாகக் கண்டு பழகிவிட்டோம். பர்மா பின்னணியாயிற்று. தூணைத் தட்டிப் பர்மாத் தேக்கு என்று சொல்லும்போதும் மரத்தைத்தான் நினைக்கிறோம், அது வந்த மண்ணை அல்ல.

1930ல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்தது விளைநிலத்தில் சுமார் 6 சதவீதம். மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனடைக்க முடியாத உழவனின் நிலம் வட்டிக்குக் கொடுத்தவன் கைக்குப் போயிற்று. 1938ல் அது நாலில் ஒரு பங்கு. 1942ல் ஜப்பானியர் வந்தார்கள். 1948ல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் இயற்றியது. இங்கிருந்து பார்த்தால் இழப்பு. அங்கிருந்து பார்த்தால் மீட்பு. எல்லைக்கோடு ஒன்றே.

இப்போது தூண்களும் நிலைகளும் கழற்றப்பட்டுக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலை போகின்றன. வீட்டின் முழுமை சிதைகிறதே என்று வருந்துகிறோம். வருந்த வேண்டியதுதான். ஆனால் அந்தத் தூண் எந்த முழுமையின் உறுப்பு என்று கேட்கும்போது வீட்டோடு நின்றுவிடுவது வரலாறாகாது. கடலுக்கு அப்பால் கைமாறிய வயலையும் சேர்த்துப் பார்க்கிற கண் நமக்கு இன்னும் வாய்க்கவில்லை.