பம்பாயில் நாய்க் கலகம்

பம்பாய்க் கோட்டைப் பகுதிக்கு அலுவல் நிமித்தம் நாள்தோறும் சென்று வரும் நம்மவர் பலருக்கு, அதே வீதிகளில் 1832-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி நாய்களின் பொருட்டு ஒரு கலகம் மூண்ட வரலாறு தெரிந்திராது.

வெறிநாய்க் கடிக்கு அந்நாளில் மருந்தே இல்லை. பாஸ்தர் சிறுவனொருவனுக்குத் தடுப்பூசி போட்டுக் காத்தது 1885-இல்தான். ஆகவே, உடையவரற்ற நாய்களை வேனிற்காலத்தில் கொல்லுமாறு கும்பினி ஸர்க்கார் விதித்ததை வெறும் கொடுமையென்று தள்ளிவிடுவதற்கில்லை. அச்சம் மெய்யானது. பிசகு வேறிடத்தில் நேர்ந்தது. நாய் ஒன்றுக்கு எட்டணா வீதம் வெகுமதி அளித்தார்கள். காசைக் கண்டவனுக்குத் தெருநாய் ஏது, வீட்டு நாய் ஏது? வளர்ப்பு நாய்களும் பிடிபட்டன.

பார்ஸிகளுக்கோ நாய் புனிதமானது. இறந்தோர் உடலை நாயின் பார்வையில் படச் செய்வது அவர்களது ஈமச் சடங்கில் ஓர் அங்கமாகும். பொறுமையிழந்த கூட்டம் கான்ஸ்டபிள்களைத் தாக்கிற்று. மறுநாள் கடைகள் அடைபட்டன. கொலாபாவிலிருந்த படையினருக்கு உணவுப் பொருள்கள் செல்லவொட்டாமல் தடுத்தனர். ஹிந்துக்களும் ஜைனர்களும் முஸ்லிம்களும் உடன் சேர்ந்தனர். கலகச் சட்டம் வாசிக்கப்பட்டது, துருப்புகள் வந்தன, பலர் கைதாயினர். இறுதியில், நாய்களைக் கொல்லாமல் நகருக்கு வெளியே கொண்டுபோய் விடுவதென்று முடிவாயிற்று. 1834-இல் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் முதலிய தனவந்தர்கள் புலேஷ்வரில் பாஞ்சராபோல் என்னும் பிராணிகள் காப்பகத்தை நிறுவினர். (இன்று அங்கே பசுக்களே மிகுதி.)

எனினும் நாய்க் கொலை நகரைவிட்டு நீங்கவில்லை. 1990-களின் தொடக்கம் வரை நீடித்தது. அத்தனை கொன்றும் நாய்கள் குறைந்தனவா? குப்பையும் எச்சிலும் கிடக்கும் வரை, ஒரு நாய் அகன்ற இடத்திற்கு அடுத்த தெரு நாய் வந்துவிடும்.

இதற்கு மாற்றினை வற்புறுத்தியது நம் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பு. நாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது அம்முறை. சென்னை மாநகராட்சி 1996-இல் இதை ஏற்றது. 2001-இல் நாடு முழுமைக்கும் விதியாயிற்று. நூற்றுக்கு எழுபது நாய்களுக்கேனும் ஊசி போட்டால்தான் நோய் அடங்கும் என்பர் வல்லுநர். பல நகரங்கள் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. குழந்தைகள் கடிபடுகின்றனர்; வழக்குகளும் எழுகின்றன. 2025 ஆகஸ்டு 11-இல் டில்லி நாய்களையெல்லாம் காப்பகங்களில் அடைக்கும்படி உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அம்மாதம் 22-ஆம் தேதியே அது திருத்தப்பட்டது. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, மற்றவை சிகிச்சைக்குப்பின் தத்தம் இடத்திற்கே திரும்பலாயின.

கோட்டைப் பகுதியில் நிழலில் உறங்கும் நாயை நாளைக்குச் சற்று உற்றுநோக்குங்கள். கருத்தடை முடிந்ததாயின் அதன் காதோரத்தில் சிறு வெட்டு ஒன்று இருக்கும்.