கோடரிக்கும் மிஷினுக்கும் நடுவில்: ஜவ்வாது மலை விறகின் கதை

விறகு அறுக்க நடுத்தர அளவில் ஒரு செயின் சா வாங்க வேண்டும் என்று கடைக்குப் போனால் கடைக்காரர் மூன்று விஷயம் கேட்பார். எத்தனை சிசி? பார் எத்தனை இஞ்ச்? எடை எவ்வளவு? நியாயமான கேள்விகள்தான். ஆனால் ஜவ்வாது மலையில் இந்த மூன்றுக்கும் முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. மரம் யாருடையது? சுமார் 150 வருஷமாக அந்த மலையில் யார் எந்தக் கருவியை எடுக்கலாம் என்பதை முடிவு செய்தது இந்தக் கேள்விதான்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது ஜவ்வாது மலை. காவலூர் வானாய்வகம் இருப்பது இந்த மலையில்தான். ஜமுனாமரத்தூர்தான் பெரிய ஊர். மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்து கேரளாக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். பேசுவது தமிழ். சாமை, புளி, தேன், பலா, இவற்றோடு சந்தனம், இவைதான் மலையின் விளைச்சல்.

ரயில் தின்ற விறகு

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பாதை மேற்கே நீண்டு ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டையைத் தொட்டது. 1864ல் அங்கிருந்து பெங்களூருக்குக் கிளை பிரிந்தது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பாலாற்றுச் சமவெளியில் போகும் இந்தப் பாதைக்குத் தெற்கே வரிசையாக நிற்பது ஜவ்வாது மலைத்தொடர்!

அன்றைய இஞ்சினுக்கு என்ன எரிபொருள்? நிலக்கரி கப்பலில் வர வேண்டும், விலை அதிகம். சிங்கரேணி பக்கம் கரி வெட்ட ஆரம்பித்ததே 1889 வாக்கில்தான். ஆகவே மெட்ராஸ் ரயில்வே பல வருஷம் விறகைத்தான் எரித்தது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைக்கும் மரம் வேண்டும். பாதையோரக் காடுகள் வேகமாக மொட்டையாக ஆரம்பித்தன.

அதே 1856ல்தான் மெட்ராஸ் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெக்ஹார்ன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் நியமிக்கப்பட்டார். 1861ல் அவர் எழுதி வெளியிட்ட தென்னிந்தியக் காடுகள் பற்றிய புத்தகத்தில் ரயிலுக்கு விறகு எங்கிருந்து வரும் என்ற கவலையைப் பார்க்கலாம். ரயில் ஓட ஆரம்பித்ததும் வனத்துறை பிறந்ததும் ஒரே வருஷத்தில் என்பதை மறக்கக் கூடாது.

பிறகு வந்தது சட்டம். 1878ல் இந்திய வனச் சட்டம் வந்தபோது மெட்ராஸ் மாகாணம் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. இங்கே காடு என்பது பெரும்பாலும் ஏதோ ஒரு கிராமத்தின் எல்லைக்குள் இருக்கிறது, மக்கள் காலம் காலமாக விறகும் தழையும் எடுக்கிறார்கள் என்று வருவாய்த் துறை அதிகாரிகளே வாதாடினார்கள். கடைசியில் மெட்ராஸ் வனச் சட்டம் 1882ல் தனியாக வந்தது. கிராமத்தார் உரிமைகளை விசாரித்துத் தீர்க்க அதில் வழி இருந்தது உண்மை. ஆனால் ஒரு காட்டை ரிசர்வ் என்று அறிவித்த பிறகு அதில் பச்சை மரத்தை வெட்டுவது குற்றம். குற்றத்துக்குப் பயன்பட்ட கருவி, கயிறு, வண்டி, மாடு வரை பறிமுதல் செய்யலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் பறிமுதல் விதியின் அர்த்தம் புரியும். கொடுவாள் போனால் சிறு நஷ்டம். கோடரி போனால் கொஞ்சம் பெரிய நஷ்டம். வண்டியும் மாடும் போனால் குடும்பமே போச்சு. அப்படியானால் காட்டுக்குள் போகிறவர் எதை எடுத்துப் போவார்? இருப்பதிலேயே சின்னதைத்தான்! தலைச்சுமையாகச் சுள்ளி கட்டி வரும் பெண்களின் கையில் கொடுவாள் மட்டுமே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டாக்டர் கையிலிருந்து காட்டுக்கு

மலையில் கருவி சின்னதாகவே இருக்க, உலகத்தின் இன்னொரு மூலையில் கருவி பெரிதாகிக் கொண்டிருந்தது. செயின் சாவின் மூதாதை மரம் வெட்டப் பிறந்ததே இல்லை என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். 18ம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு ஸ்காட்லாந்து டாக்டர்கள், பல் வைத்த சின்னச் சங்கிலியால் எலும்பை அறுத்தார்கள். சிக்கலான பிரசவத்தில் இடுப்பெலும்பை விலக்கவும், பழுதான மூட்டை நீக்கவும் அது பயன்பட்டது. 1830 வாக்கில் பெர்ன்ஹார்ட் ஹைனே என்ற ஜெர்மானியர் அதே சங்கிலியைக் கைப்பிடி சுற்றி ஓட்டும் கருவியாக்கினார்.

மரத்துக்கு வந்தது 1920களில். ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926ல் செய்த மின்சார ரம்பத்தின் எடை 64 கிலோ. தூக்கவே இரண்டு பேர் வேண்டும். 1927ல் எமில் லெர்ப் என்பவர் டோல்மார் என்ற மலையில் பெட்ரோல் ரம்பம் ஒன்றை ஓட்டிக் காட்டினார். அந்த மலையின் பெயரே பிறகு கம்பெனியின் பெயரானது. 1929ல் ஸ்டீலின் பெட்ரோல் ரம்பம் 46 கிலோவில் வந்தது. 1950ல் ஒரே ஆள் பிடிக்கும் ரம்பம், 16 கிலோ. 1959ல் வந்த கான்ட்ரா 12 கிலோ. இன்று விறகுக்கு வாங்கும் நடுத்தர மிஷின் ஏறக்குறைய 5 கிலோதான்.

எடை குறைந்ததோடு பல்லும் மாறியது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி 1946ல் ஒரு மரக்கட்டையைக் குடைந்து கொண்டிருந்த வண்டுப் புழுவைக் கவனித்தார். அது இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்துக் கொண்டு போனது. அதே மாதிரி இடப்பல், வலப்பல் என்று மாற்றி வைத்து அவர் செய்த சங்கிலியின் வாரிசுதான் இன்றைக்கும் கடைகளில் கிடைக்கும் செயின். 1970களில் செயின் பிரேக் வந்தது. பாரின் நுனி மரத்தில் பட்டு மிஷின் முகத்தை நோக்கித் துள்ளும்போது நொடியில் சங்கிலியை நிறுத்துவது அதுதான்.

எந்த சைஸ்?

இந்த வரலாறு தெரிந்தால் மிஷின் தேர்வு சுலபம். விறகுக்கு 45 முதல் 55 சிசி வரை, 16 அல்லது 18 இஞ்ச் பார் போதும். 35 சிசி கிளை கழிக்க நல்லது. ஆனால் புளி, வேலம் போன்ற இறுகிய மரத்தில் நாள் முழுக்க ஓட்டினால் திணறும். 70 சிசிக்கு மேல் போனால் பலம் உண்டு, ஆனால் மலைச்சரிவில் தூக்கிக் கொண்டு ஏற முடியாது. செயின் பிரேக்கும் அதிர்வு தடுக்கும் ஸ்பிரிங் அல்லது ரப்பரும் இல்லாத மலிவு மிஷின் எந்த விலைக்கும் வேண்டாம். காலுறை, ஹெல்மெட், காது மூடி எல்லாம் மிஷின் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டியவை. பெட்ரோலில் கலக்கும் டூ ஸ்ட்ரோக் ஆயில், பாருக்கு ஊற்றும் ஆயில், வட்ட அரம், மாற்றுச் செயின் இவை மலையில் கிடைக்குமா, அல்லது ஒவ்வொரு தடவையும் கீழே இறங்க வேண்டுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

யாருக்கு இது பயன்படும்? பட்டா நிலத்தில் சில்வர் ஓக், தைலமரம் வளர்ப்பவருக்கு. அனுமதி வாங்கி மரம் எடுக்கும் கான்டிராக்டருக்கு. சுள்ளி பொறுக்கும் பெண்ணுக்கு அல்ல. பிலிப்பைன்ஸ் 2002ல் செயின் சாவுக்கென்றே தனிச் சட்டம் போட்டு, வைத்திருப்பவர்கள் எல்லோரும் பதிவு செய்ய வேண்டும் என்றது. மிஷினின் சத்தம் ரொம்ப தூரம் கேட்கும். உரிமை இருப்பவர்தான் அந்தச் சத்தத்தைத் துணிந்து போட முடியும்.

உரிமை இல்லாதவர் கை

உரிமை இல்லாதவர் கையில் கோடரி என்ன ஆகும் என்பதற்கும் இந்த மலையில் பதில் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7ம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டக் கூலிக்காரர்கள் அவர்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். மனித உரிமை அமைப்புகள் அதை மறுத்தன. செம்மரத்தை விற்றுக் கோடி பார்ப்பவர் காட்டுக்குள் வருவதில்லை. கோடரி பிடிக்கத் தெரிந்தவர்தான் வருகிறார். தலைமுறை தலைமுறையாக வந்த அந்தக் கைத்திறமைக்குச் சொந்த மலையில் முறையான வேலை இல்லாமல் போனதால்தான் ஏஜென்ட் சொல்லும் கூலி பெரிதாகத் தெரிகிறது.

2006ல் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டில் வாழ்பவர்களுக்கு சிறு வனப் பொருள்கள் மீது உரிமை என்றது. அந்தப் பட்டியலில் புதர்க்கட்டையும் மரத்தின் அடிக்கட்டையும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் வழக்கு காரணமாக உரிமைப் பட்டா வழங்குவது பல வருஷம் தடைப்பட்டு, 2016ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்ட பிறகே நகர்ந்தது.

1856ல் ரயிலுக்காக வெட்டிய கோடரிக்குக் கூலி கிடைத்தது. அதே கோடரி 1882க்குப் பிறகு ரிசர்வ் காட்டில் குற்றத்தின் சாட்சியானது. கருவி ஒன்றுதான், மாறியது மரத்தின் சொந்தக்காரர். ஆக, நடுத்தர அளவு செயின் சா எது நல்லது என்று கேட்டால் 50 சிசி, 18 இஞ்ச், பிரேக் உள்ளது என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். மலையில் அதை வாங்கி, பயமில்லாமல் ஸ்டார்ட் செய்யக்கூடியவர்கள் எத்தனை பேர்? அந்த எண்ணிக்கை கூடினால்தான் சேஷாசலத்துக்குப் போகும் லாரியில் ஆள் குறையும்.